முப்புரிக் கயிற்றில் ஒரு பிழை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் வழியே செல்வோர் தோல் பதனிடும் சாலைகளின் வாடையை அறியாதிரார். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவிட்டு, மயிரையும் ஊனையும் களைந்தபின் எஞ்சி நிற்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதமேயாம். ஆவாரம்பட்டைச் சாறும் குரோமிய உப்பும் இதன் இழைகளைப் பிணைத்து அழுகாமற் காக்கின்றன. நம் பாலாற்றங்கரையில் பலருக்குச் சோறிடும் இப்பொருள், உயிருள்ள உடலிற் செய்யும் வேலை யாதெனச் சிறிது ஆராய்வோம்.

கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது. கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, 1954-ஆம் ஆண்டில் இவ்வமைப்பை வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். ஒவ்வோரிழையிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசீன் என்னும் அமினோ அமிலம் அமர்ந்துளது. முறுக்கின் உட்புறம் மிகக் குறுகியதாகலின், அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசீனே அங்குச் செவ்வனே பொருந்தும்.

இக்கயிற்றிற் பிழை நேரின் விளைவது யாது? ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள கேனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழு இதற்கு விடை தருகிறது. எலும்பற்ற இப்புழுவுக்குக் கொலாஜனாலாகிய மேலுறையே உருவந் தருவது. சிட்னி பிரென்னர் 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குறுகித் தடித்தவை, நீண்டவை, உருண்டு உருண்டு வட்டமிடுபவை எனப் பிறழ்ந்த புழுக்கள் பல இடம்பெற்றன. அவற்றுட் பலவற்றின் காரணம் கொலாஜன் மரபணுக்களின் மாற்றமே எனப் பின்னர்த் தெளிந்தது. டிபிஒய்-7 என்னும் மரபணுவில் ஒரு கிளைசீனுக்குரிய இடத்தில் வேறொன்று புகுந்தாலே புழு குறுகிவிடும்.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. ஆர்ஓஎல்-6 மரபணு அடியோடு செயலற்ற புழு ஏறக்குறைய இயல்பாகவே ஊர்கிறது. அதில் ஓரெழுத்துப் பிறழ்ந்த புழுவோ உருள்கிறது. இல்லாத இழை கயிற்றிற் சேர்வதில்லை; பிழைபட்ட இழையோ நல்லனவற்றோடு கூடி அவற்றையும் கெடுக்கிறது.

மனிதரின் எலும்பிலும் இந்நியாயமே காண்கிறோம். எலும்புக் கொலாஜனில் கிளைசீன் ஒன்று மாறுவதால், சிறு தட்டுக்கும் எலும்பு முறியும் குழந்தைகள் பிறக்கின்றனர். பெற்றோர் இருவரும் நலமாயிருக்க, இம்மாற்றம் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஆதலின் அத்தகைய மகவைக் கண்டு முன்வினை என்றோ, தாயின் குற்றம் என்றோ எவரேனும் பழிப்பரேல், அது அறியாமையாம். ஆயிரக்கணக்கான எழுத்துக்களில் ஓரெழுத்து மாறியது, அவ்வளவே. இதனை நம் ஊராருக்கு எடுத்துரைப்பது கற்றவராகிய நமது கடனன்றோ?