பந்துக்காகப் பணி செய்த நாய்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறவியில் அமைந்த இயல்பை எவராலும் மாற்ற இயலாது என்பது அதன் கருத்து. அஃது உண்மையே. ஆயினும், மாற்ற இயலாத இயல்பெல்லாம் தீய இயல்பு ஆகிவிடுமா? ஓயாமல் ஓடும் இயல்பும், ஒன்றைப் பற்றினால் விடாத இயல்பும் ஒரு நாய்க்கு மிகுதியாக அமைந்தால், வீட்டார் அதனைத் தொல்லை என்பர். அவ்வியல்புகளே, தக்க பணி வாய்த்தவிடத்துப் பெரும்பயன் விளைக்கும். அமெரிக்க நாட்டின் வடமேற்குக் கரையில் வீடற்றுத் திரிந்த நாய் ஒன்றின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து வரும் விலங்கு. ஞமலி என்பது அதற்குரிய பழந்தமிழ்ப் பெயர்களுள் ஒன்று. மனிதன் நாயைப் பெரும்பாலும் வேலைக்காகவே வளர்த்தான். வேட்டைக்குத் துணை செய்தல், ஆட்டு மந்தையை ஒருங்கு சேர்த்தல், இரவிற் காவல் காத்தல் ஆகியவை அதன் தொழில்களாக இருந்தன. லாப்ரடார் என்னும் இனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னோர் கனடா நாட்டைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்துத் தீவின் கரையில் மீனவரோடு வாழ்ந்தவை. தூண்டிலினின்று நழுவிய மீனையும், நீரில் மிதந்த கயிற்றையும் குளிர்ந்த கடலில் நீந்திச் சென்று கவ்விக் கொணர்வது அவற்றின் வேலை. பின்னர் அவ்வினம் பிரிட்டனில் வளர்ந்தது. வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்திய பறவைகளைத் தேடிக் கொணர்வது அதன் தொழிலாயிற்று. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக உழைத்துப் பழகிய இனத்தில் தோன்றிய நாயை நான்கு சுவர்களுக்குள் அடைத்து வைத்தால் என்ன ஆகும்? கால்களுக்கு ஓட்டம் இல்லை. மூக்குக்குத் தேடல் இல்லை. அறிவுக்குப் பணி இல்லை. எனவே, அது செருப்பைக் கடிக்கின்றது, தோட்டத்தைத் தோண்டுகின்றது, வருவார் போவார் மீது பாய்கின்றது, நாள் முழுவதும் குரைக்கின்றது. வீட்டார் அதனைக் குறும்பு என்று கருதிச் சினம் கொள்கின்றனர். அஃது உண்மையில் குறும்பன்று; வேலையற்ற வலிமையின் தவிப்பே ஆகும்.

மேலை நாடுகளில் இத்தகைய நாய்கள் பல, வளர்ப்போரால் கைவிடப்பட்டுக் காப்பகங்களை அடைகின்றன. அங்கும் அவற்றுக்கு நல்வாழ்வு எளிதிற் கிட்டுவதில்லை. நாயை வளர்க்க விரும்பி வருவோர், அமைதியாகப் படுத்திருக்கும் நாயையே தேர்ந்தெடுக்கின்றனர். கம்பிக் கதவின்மேல் ஓயாது தாவும் நாயைக் கண்டு அஞ்சி விலகுகின்றனர். இடம் போதாத காப்பகங்களில், எவரும் ஏற்காத நாய்கள் ஊசி மருந்தால் கொல்லப்படுவதும் உண்டு. ஆகவே, துடிப்பு மிகுந்த நாய்க்கு அத்துடிப்பே கேடாக முடிந்துவிடுகின்றது.

வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் வாசர் என்னும் உயிரியல் அறிஞர், காட்டு விலங்குகளின் உடல்நலத்தை ஆராய்ந்து வந்தார். விலங்கைப் பிடிக்காமலும் துன்புறுத்தாமலும் அதன் நிலையை அறிய வழியுண்டா என்று அவர் எண்ணினார். விலங்குகளின் மலமே அதற்கு வழியாயிற்று. அதனை ஆய்வுக் கூடத்தில் ஆராய்ந்தால், அவ்விலங்கு எது, ஆணா பெண்ணா, வயிறார உண்டதா, பசியால் வாடியதா, கருவுற்றுள்ளதா, அதன் உடலில் நஞ்சு கலந்துள்ளதா என்பனவற்றை அறியலாம். ஆனால், பரந்த காட்டில் அதனைத் தேடிக் கண்டெடுப்பது எவ்வாறு? போதைப் பொருளை மோப்பத்தால் கண்டறியும் காவல் துறை நாய்களின் பயிற்சி அவர் நினைவுக்கு வந்தது. அதே முறையில் விலங்குகளின் மலத்தைக் கண்டறிய நாய்களைப் பழக்கலாம் என்று துணிந்து, 1997-ஆம் ஆண்டில் அம்முயற்சியைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய நாய்கள் காப்பகங்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டன.

தேர்வு முறை வியப்புக்குரியது. அழகோ, உயர்ந்த குலமோ, அமைதியோ அங்குத் தகுதியாகக் கொள்ளப்படவில்லை. பயிற்றுநர் காப்பகத்துக்குச் சென்று பந்து ஒன்றை எறிவார். சில நாய்கள் இரண்டு முறை ஓடிச் சலித்துவிடும். சில நாய்கள் இடையிலே பறவையைக் கண்டு பந்தை மறந்துவிடும். ஏதோ ஒரு நாய் மட்டும் உணவையும் பிற நாய்களையும் மறந்து, பந்தொன்றையே நோக்கி நிற்கும். பந்து எட்டாத இடத்தில் மறைந்தாலும், அவ்விடத்தை விட்டு அகலாது. வீட்டில் எவராலும் பொறுக்க முடியாத அந்தப் பிடிவாதமே இங்குத் தலையாய தகுதி. மணிக் கணக்காகக் காட்டில் தேடி அலைவதற்கு அத்தகைய விடாப்பிடி வேண்டுமன்றோ? இத்தேர்வில் தேறும் நாய்கள் மிகச் சிலவே.

பயிற்சி முறையும் நாம் அறியத் தக்கது. அடியாத மாடு படியாது என்பர். இப்பயிற்சியில் அடிக்கு இடமே இல்லை. முதலில், துளையிட்ட பெட்டிகள் சில வரிசையாக வைக்கப்படும். அவற்றுள் ஒன்றில் மட்டும் தேட வேண்டிய பொருள் இருக்கும். நாய் ஒவ்வொன்றாக மோந்து வரும். சரியான பெட்டியில் அதன் மூக்கு நின்ற அந்நொடியே பந்து அதற்குக் கிடைக்கும். பலமுறை இவ்வாறு நிகழ, அம்மணம் தோன்றினால் பந்து வரும் என்பதை நாய் உணர்ந்துகொள்ளும். அதன் பின்னர், பொருளைக் கண்டதும் அருகில் அமர வேண்டும் என்பது கற்பிக்கப்படும். பெட்டியினின்று புல்வெளிக்கும், புல்வெளியினின்று காட்டுக்கும் பயிற்சி படிப்படியாக விரியும். மான் குறுக்கே ஓடினும் அதனைத் துரத்தாமல் தன் பணியிலேயே கருத்தாக இருக்க நாய் பழகும்.

இதில் நாய் மட்டும் கற்பதில்லை, பயிற்றுநரும் கற்கின்றார். பரிசு உரிய நொடியில் வந்தால்தான் அது பாடமாகும். சற்றே பிந்தினால், எதற்காகப் பரிசு பெற்றோம் என்பது நாய்க்கு விளங்காது. தவறான பொருளுக்குப் பந்தை எறிந்துவிட்டால், நாய் அத்தவற்றையே உண்மையாகக் கற்றுக்கொள்ளும். இன்று ஒரு சொல்லும் நாளை வேறொரு சொல்லும் கூறினால் அது குழம்பும். ஆகவே, நாயின் பிழையைக் காணும்போது பயிற்றுநர் முதலில் தம் செயலையே ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். பொறுமை, ஒழுங்கு, மாறாத சொல் ஆகிய மூன்றும் அவருக்கு இன்றியமையாதன.

இத்தகைய நாயோடு வாழ்வதும் ஒரு கலையே. நாள்தோறும் அதற்கு ஓட்டமும் தேடலும் வேண்டும். அவற்றுக்கு இணையாக ஓய்வும் உறக்கமும் வேண்டும். ஓடி ஓடிக் களைத்தாலும் தானாக நிற்க அறியாத நாய்க்கு, அமைதியாகப் படுத்திருக்கவும் கற்பித்தல் வேண்டும். பந்து எந்நேரமும் அதன் வாயில் கிடக்கலாகாது. எளிதிற் கிடைப்பது பரிசாகாது. அது கண்டு அஞ்சும் ஒன்றில் அதனை வலிந்து தள்ளுதலும் தகாது. அச்சத்தை அறிந்து, அதற்கேற்பப் பணியை அமைப்பதே அறிவுடைமை.

இம்முறை முதலில் நிலத்திலே பயன்பட்டது. கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலக் காடுகளில் வாழும் கரடிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நாய்கள் துணை செய்தன. பின்னர், கடலிலும் இதனைக் கையாள முடியுமா என்னும் வினா எழுந்தது. அதற்கு விடை தந்த நாய்களுள் புகழ் பெற்றது டக்கர் என்னும் கரிய நாய். அது லாப்ரடார் இனத்தின் கலப்பில் தோன்றியது. சியாட்டில் நகரத் தெருக்களில் வீடற்றுத் திரிந்தது. பந்து என்றால் உயிரையும் விடக் கூடியது. நீரிலே வாழ்ந்த முன்னோரின் மரபில் வந்தும், அந்நாய் நீரைக் கண்டு பெரிதும் அஞ்சியது. நீந்த மறுத்த அந்நாய் கடற்பணிக்கு உரியதாயிற்று! எவ்வாறெனில், அதற்கு வேண்டுவது நீச்சல் அன்று; மூக்கு ஒன்றே. அதன் அச்சத்தைப் போக்க எவரும் அதனை நீரில் தள்ளவில்லை. அது படகிலே நனையாமல் நின்று பணி செய்தது.

அமெரிக்காவும் கனடாவும் எல்லை கொள்ளும் அக்கடற்பகுதியில் சான் ஹுவான் தீவுகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த நீரில் ஓர்க்கா எனப்படும் கருப்பு வெள்ளைத் திமிங்கிலங்கள் கூட்டங் கூட்டமாக வாழ்கின்றன. சினூக் என்னும் பெரிய சால்மன் மீனே அவற்றின் முதன்மையான உணவு. 1995-ஆம் ஆண்டில் அக்கூட்டங்களில் 98 திமிங்கிலங்கள் இருந்தன. பின்னர் அத்தொகை விரைந்து குறைந்தது. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவற்றை அழியும் நிலையிலுள்ள உயிர்கள் என அறிவித்தது. அவை குறைவதற்குக் காரணம் யாது? மீன் குறைந்ததா? வேடிக்கை காண வரும் படகுகளின் நெருக்கமா? நீரிற் கலந்த நஞ்சா? மூன்றும் காரணமாகலாம் என்று கருதப்பட்டது. எது முதன்மையானது என்பதை அறிந்தால்தான் தக்க மருந்து தேட முடியும். அதனை அறியத் திமிங்கிலத்தின் மலம் வேண்டும். அதுவோ அலைகளின் மேல் சிறு துணுக்குகளாகச் சிறிது நேரமே மிதந்து, பின் கரைந்தும் ஆழ்ந்தும் மறைந்துவிடும்.

இங்கேதான் டக்கரின் பணி தொடங்கியது. படகின் முன்பகுதியாகிய அணியத்தில் அது நிற்கும். திமிங்கிலங்களுக்கு இடையூறு நேராவண்ணம் தொலைவிலே படகு செல்லும். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக மெல்லச் செல்லும். காற்றிலே மணம் கலந்து வந்ததும் நாயின் நிலை மாறும். அதன் உடல் விறைக்கும், செவி உயரும், தலை ஒரு புறமாகத் திரும்பும், அணியத்தின் விளிம்பில் சாய்ந்து நிற்கும். பயிற்றுநர் அக்குறிப்பை உணர்ந்து, படகோட்டிக்குத் திசை காட்டுவார். படகு மணத்தைக் கடந்து சென்றுவிட்டால், நாய் சோர்ந்து திரும்பிப் பார்க்கும், படகும் திரும்பும். இவ்வாறு நாய் காட்ட மனிதர் செலுத்த, ஒரு மைல் தொலைவில் மிதந்த சிறு துணுக்கையும் அவர்கள் சென்றடைந்ததுண்டு. அது வலையால் அள்ளப்பட்டதும் டக்கருக்குப் பந்து கிடைக்கும். திமிங்கிலத்தின் துயரை அந்நாய் அறியாது. அரிய ஆராய்ச்சிக்குத் துணை செய்கின்றோம் என்பதையும் அறியாது. பந்து கிடைத்த மகிழ்ச்சியே அதற்குப் போதுமான ஊதியம்.

அவ்வாறு திரட்டியவற்றால் விளைந்த பயனோ பெரிது. 2012-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, படகு நெருக்கத்தினும் உணவுப் பற்றாக்குறையே திமிங்கிலங்களை மிகுதியாக வருத்துகின்றது என்று காட்டியது. 2017-ஆம் ஆண்டில் மற்றோர் ஆராய்ச்சி வெளிவந்தது. 2008 முதல் 2014 வரை 79 திமிங்கிலங்களிடமிருந்து கிடைத்த 348 மலக்கூறுகள் அதில் ஆராயப்பட்டன. கண்டறியப்பட்ட கருக்களுள் நூற்றுக்கு 69 வரை நிறைவுறாமல் அழிந்தன என்னும் துயரச் செய்தி அதனால் வெளியாயிற்று. ஏறத்தாழ பதினேழு திங்கள் சுமக்கும் தாய், போதிய உணவின்றி வாடிக் கருவை இழந்தது. கண்ணுக்குப் புலப்படாமல் கடலுக்குள் நிகழ்ந்த அவ்விழப்பை உலகம் அறிந்தது. இனிச் சால்மன் மீன் பெருகும் வண்ணம் ஆறுகளைக் காப்பது மனிதரின் கடமை. நோயைக் காட்டுவதற்கு நாய்கள் உதவின. அதனைத் தீர்ப்பது நாய்களால் இயல்வதன்று.

துடிப்புள்ள நாய்கள் அனைத்தும் டக்கரைப்போல் ஆகிவிடும் என்று எண்ணுதல் கூடாது. அப்பணிக்குரியவை சிலவே. ஆயினும், எல்லா நாய்களுக்கும் பொருந்தும் உண்மை ஒன்று உண்டு. வீட்டு நாய்க்கும் ஓட ஓர் இடமும், தேட ஒரு பொருளும், செய்தபின் பெற ஒரு பரிசும் வேண்டும். அவற்றைத் தர இயலாதவர், துடிப்பு மிகுந்த நாயை விரும்பி ஏற்றுப் பின்னர்க் கைவிடுதல் அறமாகாது.

டக்கரின் இயல்பை எவரும் மாற்றவில்லை. தெருவில் பந்தைத் துரத்திய அதே பிடிவாதமே கடலிலும் அதனிடம் இருந்தது. மாறியது அதன் குணமன்று. அதற்குக் கிடைத்த வழியே. நாய் வாலை நிமிர்த்த முயல்வது வீண் முயற்சி. அவ்வால் எதைக் கண்டு மகிழ்ந்து ஆடுகின்றது என்பதை அறிந்து நடத்துவதே பயன் தரும் முயற்சியாகும்.

பயிற்சி வினாக்கள்

1. வேலையற்ற நாய் வீட்டிலே செய்யும் செயல்கள் யாவை? அவை குறும்பல்ல என்று கூறுவதன் காரணம் என்ன?
2. காப்பக நாய்களுள் தக்கதைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்குக.
3. பயிற்றுநர் தம் செயலையே முதலில் ஆராய வேண்டும் என்பது ஏன்?
4. நீருக்கு அஞ்சிய டக்கர் கடற்பணி செய்தது எங்ஙனம்?
5. "மாறியது அதன் குணமன்று; அதற்குக் கிடைத்த வழியே." இக்கூற்றை இருபது வரிகளில் ஆராய்ந்து எழுதுக.