மீளும் குருதி

மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாய்தல் நீரின் இயல்பு. கிணற்று நீர் தானே மேலேறி வயலுக்குப் பாய்வதில்லை, இறைப்பார் வேண்டும். நம் உடலிலோ, பாதம்வரை இறங்கிய குருதி இரவும் பகலும் ஓயாது மேலேறி இதயத்தை அடைகின்றது. அதனை மேலே ஏற்றுவது யாது?

இதயமே என்று பலரும் விடை கூறுவர். அது முழு விடை அன்று. உடல் ஓய்ந்திருக்கும்போதும் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியைத் தமனிகளில் தள்ளுகின்றது. அக்குருதி மயிரினும் நுண்ணிய தந்துகிகளுள் புகுந்து, உறுப்புகளுக்கு உயிர்வளியை ஈந்து, பின்னர்ச் சிரைகளில் சேரும். அதற்குள் இதயம் தந்த விசை பெரிதும் தளர்ந்துவிடும். ஆகவே, மீளும் வழியில் வேறு துணைகளும் வேண்டும்.

முதல் துணை, சிரைகளினுள் அமைந்த வால்வுகள். இவை ஒருபுறமே திறக்கும் சிறு கதவுகள் போன்றவை. மேலேறும் குருதிக்கு வழிவிடும். அது கீழிறங்க முற்படின் மூடிக்கொள்ளும். இத்தாலி நாட்டுப் பாதுவா நகரப் பேராசிரியர் பாப்ரீசியஸ் 1603இல் இவற்றை விளக்கி நூல் எழுதினார். எனினும், இவற்றின் உண்மைப் பயனை அவர் அறிந்திலர். அதனைக் கண்டவர் அவர்தம் மாணவராகிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி. அவர் ஒருவருடைய மேற்கையைக் கட்டிச் சிரைகளைப் புடைக்கச் செய்தார். ஒரு சிரையை விரலால் அழுத்தி, அதற்கு மேலுள்ள குருதியை அடுத்த வால்வுக்கு அப்பால் வழித்துத் தள்ளினார். தள்ளிய குருதி திரும்பி வரவில்லை. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்தே குருதி வந்து நிறைந்தது. இதயத்தினின்று சென்ற குருதியே சுழன்று மீண்டும் இதயத்தை அடைகின்றது என்னும் உண்மையை 1628இல் அவர் நூலாக வெளியிட்டார்.

இரண்டாம் துணை, தசைகள். நடக்குந்தோறும் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, ஆழத்திலுள்ள சிரைகளைப் பிழிகின்றன. வால்வுகள் கீழ்வழியை அடைத்தலால், பிழியப்பட்ட குருதி மேலேறுகின்றது. மூன்றாம் துணை, மூச்சு. மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பினுள் அழுத்தம் குறைகின்றது, வயிற்றினுள் மிகுகின்றது. அதனால் குருதி மார்பை நோக்கி விரைகின்றது.

வெயிலில் நெடுநேரம் அசையாது நிற்கும் மாணவர் சிலர் மயங்கி விழுதலைக் கண்டிருப்பீர்கள். தசைகள் இயங்காமையால் குருதி காலில் தேங்கும். இதயத்திற்கு வரவு குறையும். வரவு குறையவே மூளைக்குச் செல்வதும் குறையும். மயங்கியவரைத் தூக்கி நிறுத்துதல் தவறு. படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துதலே முறை.

நாள்தோறும் நின்றே பணிபுரிவோர்க்குக் காலில் வீக்கமும் வலியும் உண்டாகலாம். சிரைகள் புடைத்துச் சுருளவும் கூடும். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021இல், கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் எனச் சட்டத்தைத் திருத்தியது. கடையில் பணிபுரிவோர் சற்றே அமரக் கண்டு சோம்பல் என்று இகழ்தல் அறியாமை. அவர் அமர்தலும், எழுந்து நாலடி நடத்தலும் உடல் வேண்டி நிற்கும் உதவிகளே ஆகும்.