ஓவியத்தில் பேசும் பொருள்கள்



ஒருவரின் உருவத்தைத் தீட்டும் ஓவியர், அவர் அருகில் சில பொருள்களையும் சேர்த்துத் தீட்டுவது பழைய வழக்கம். வாள் வீரத்தையும், நூல் கல்வியையும், பட்டாடை செல்வத்தையும் குறிக்கும். எழுத்தறியாதவரும் அவற்றைக் கண்டு அம்மனிதரின் நிலையை உணர்ந்துகொள்வர்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'தூதுவர்கள்' என்னும் ஓவியமாகும். செர்மானிய ஓவியரான ஹான்ஸ் ஹோல்பைன் 1533ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இதனைத் தீட்டினார். ஓக் மரப்பலகையில் அமைந்த இவ்வோவியம் ஏறக்குறைய 2 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் கொண்டது. இது இப்போது இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது.

படத்தில் பிரெஞ்சு நாட்டவர் இருவர் நிற்கின்றனர். இடப்புறம் இருப்பவர் ஜான் தெ டிண்டவில். மன்னர் எட்டாம் ஹென்றியின் அவைக்கு வந்த தூதுவர். மென்மயிர் வைத்த மேலங்கி அணிந்து, கையில் குறுவாள் ஏந்தியுள்ளார். வலப்புறம் இருப்பவர் அவருடைய நண்பர், ஆயரான ஜார்ஜ் தெ செல்வ். இவருடைய முழங்கை ஒரு நூலின்மேல் ஊன்றியிருக்கிறது. முன்னவரின் வயது 29 என்பது வாளுறையிலும், பின்னவரின் வயது 25 என்பது நூலின் விளிம்பிலும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவருக்குப் பதவியும் மற்றவருக்குக் கல்வியும் அடையாளம் எனக் கொள்ளலாம்.

இருவருக்கும் நடுவே ஈரடுக்கு மேசை ஒன்று உண்டு. மேலடுக்கில் விண்மீன் உருண்டையும் சூரியக் கடிகாரங்களும் உள்ளன. கீழடுக்கில் உலக உருண்டை, யாழ் போன்ற நரம்பிசைக் கருவி, குழல்கள், பாடல் நூல் ஆகியன காணப்படுகின்றன. அருகே, 1527ஆம் ஆண்டில் செர்மனியில் அச்சான வணிகர் கணக்கு நூல் ஒன்றும் பாதி திறந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருப்பது என்ன தெரியுமா? நாம் வகுப்பில் கற்கும் வகுத்தல் கணக்கே! பெருமக்களின் அறிவுக்குச் சான்றாக வைக்கப்பட்டது அதுதான்.

ஆயினும், ஓவியர் வேறு செய்திகளையும் வைத்துள்ளார். இசைக் கருவியின் நரம்பு ஒன்று அறுந்துள்ளது. அது ஒற்றுமைக் குலைவின் அறிகுறி என்பர். இருவரின் காலடியில் கோணலாக நீண்ட உருவம் ஒன்று கிடக்கிறது. நேரே நின்று பார்த்தால் அது புலப்படாது. வலப்புறம் ஒதுங்கி நின்று பார்த்தால் மனித மண்டையோடு தோன்றும். பொன்னும் பதவியும் நிலையா என்பதே அதன் பொருள்.

நூலைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளுதல் எவர்க்கும் எளிது. அந்நூலில் உள்ள கணக்கைச் செய்யத் தெரிவதே அறிவு. மேலங்கியை விலை கொடுத்து வாங்கலாம். வகுத்தலை முயன்று கற்றால்தான் வரும். அம்முயற்சிக்கு ஏழை, செல்வர் என்னும் வேறுபாடு இல்லை.

பயிற்சி: உங்கள் உருவத்தை வரைந்தால் அருகில் எந்தப் பொருளை வைப்பீர்கள்? காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.