கடற்கரைக் கோயில் ஓவியம்: விலை பேசும் முன் பின்பக்கம் பாருங்கள்

கேள்வி: செங்கல்பட்டில் எங்கள் பூர்வீக வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு படம் கிடைத்தது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், அடியில் மோதும் அலை, ஓரத்தில் ஒரு கட்டுமரம். இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். வானத்தில் வண்ணம் வெடித்திருக்கிறது. கோபுரத்தின் அருகே உதிர்ந்து துணி தெரிகிறது. சட்டம் செல்லரித்துவிட்டது. கீழ்மூலையில் உள்ள கையெழுத்தைப் படிக்க முடியவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா வாங்கியது என்கிறார் அத்தை. பழைய சாமான் வியாபாரி, ‘வெள்ளைக்காரன் காலத்துப் படம்’ என்று இரண்டாயிரம் ரூபாய்க்குக் கேட்கிறார். துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்குமா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: தயவுசெய்து துடைக்காதீர்கள். ஈரத்துணி, எலுமிச்சை, உருளைக்கிழங்கு, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். வெடித்த வண்ணத்தின் இடுக்கில் ஈரம் இறங்கினால் மிச்சமிருப்பதும் பெயர்ந்து வரும். கையெழுத்தும் போய்விடும். படத்தின் மதிப்பைச் சொல்லப்போவதே அந்தக் கையெழுத்துதான்.

முதலில் அது கையால் வரைந்ததா, அச்சடித்ததா என்று பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு. மேலே வார்னிஷ் பூசித் தூரிகைத் தடம்போல் காட்டிய அச்சுப் படங்களும் உண்டு. உங்கள் படத்தில் வண்ணம் உதிர்ந்த இடத்தில் துணி தெரிவதால் அது கையால் வரைந்த எண்ணெய் ஓவியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

‘வெள்ளைக்காரன் காலம்’ என்ற பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் மாமல்லபுரத்துக்கு வந்து வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகளில் மாமல்லபுரமும் இருக்கிறது. ஆனால் அவை காகிதத்தில் செப்புத்தகட்டால் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டியவை. துணியில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்த உங்கள் படம் அந்த வகையில் சேராது.

அடுத்து, படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். விலையை முடிவுசெய்யும் சான்றுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்: சட்டக் கடையின் சீட்டு, துணியில் குத்திய முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர். துணியை மரச்சட்டத்தில் அடித்திருப்பது ஆணியா, ஸ்டேப்ளர் முள்ளா? முள் என்றால், இடையில் யாரும் மாற்றி அடிக்காதவரை, கடந்த ஐம்பது அறுபது ஆண்டுக்குள் வரும் படமாக இருக்கலாம். செல்லரித்த சட்டத்தையும் தூக்கி எறியாதீர்கள். கரையான் உயிரோடு இருந்தால் மட்டும் படத்திலிருந்து பிரித்துத் தனியே வையுங்கள்.

காட்சியிலும் காலம் ஒளிந்திருக்கும். கடற்கரைக் கோயிலின் வடக்கே 1990-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு சிறு விமானமும் பூவராகச் சிலையும் கிணறும் வெளிப்பட்டன. இவை படத்தில் இருந்தால் அது 1990-க்குப் பிந்தையது. இல்லை என்பதால் மட்டும் முந்தையது என்று சொல்லிவிட முடியாது. பழைய போட்டோவைப் பார்த்தும் வரைந்திருக்கலாம். வெடிப்பும் அப்படித்தான். ஓட்டு வீட்டுப் பரணின் வெக்கையும் கடல்காற்றின் ஈரமும் முப்பது வயதுப் படத்தையும் நூறு வயதுபோல் காட்டிவிடும்.

இனி கையெழுத்து. இருட்டறையில் டார்ச்சை ஒரு பக்கமிருந்து சாய்த்து அடித்து, செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இது முக்கியம். 1850-ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்கள் பலர். அங்கிருந்து வந்தவர்கள்தான் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். மாமல்லபுரத்துக்குப் போகும் அதே கடற்கரைச் சாலைதான். பின்னாளில் பெயர் பெற்ற ஒருவர் இளமையில் வரைந்து கொடுத்த படம் ஒரு வீட்டுப் பரணில் இருப்பது நடக்கக்கூடியதே. பெயர் உறுதியானால் விலை பல மடங்காகும். பெயர் இல்லாத அலங்காரப் படமென்றால், அதைச் செப்பனிடும் கூலியே விற்கும் விலையைத் தாண்டிவிடும். அந்த நிலையில் முழுதாகப் புதுப்பிக்க வேண்டாம். உதிரும் வண்ணத்தை மட்டும் தேர்ந்தவரிடம் ஒட்டச் செய்தால் போதும். வானத்தில் உதிர்வதைவிடக் கோபுரத்தருகே உதிர்வது விலையை அதிகம் குறைக்கும் என்பதால் அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே தொடங்கிய ரசாயனப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. முறையான வழி எது என்று அங்கே விசாரியுங்கள்.

ஒருவேளை நூறு வயது தாண்டியது என்று தெரிந்தால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பதிவு செய்வது பற்றித் தொல்லியல் துறையிடம் கேட்க வேண்டும்.

அதுவரை படுக்கைவாட்டில், வண்ணம் மேலே இருக்கும்படி, காற்றோட்டமான அறையில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றினால் பூஞ்சை பிடிக்கும். வியாபாரியிடம் இப்போது விலை பேச வேண்டாம்; அவர் இன்னும் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. இந்த வாரமே அத்தையிடம் உட்கார்ந்து, தாத்தா அதை யாரிடம், எந்த ஊரில், ஏறக்குறைய எந்த ஆண்டில் வாங்கினார் என்று கேட்டு, அவர் சொன்னபடியே தேதியிட்டு எழுதிவையுங்கள். எந்த லென்ஸாலும் கண்டுபிடிக்க முடியாத சான்று அது. சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.