தாழ்த்திய மோரிஸ் மைனருக்கு எந்த பிரேக் பம்பு?

ஈப்போவில் மோரிஸ் மைனரைத் தாழ்த்த நினைப்பவர் முதலில் காலடிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கட்டும். 1948 முதல் 1971 வரை வந்த அந்தக் காரின் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பட்டறைப் பேச்சில் 'பிரேக் பம்பு', ஓட்டுநரின் காலடியில் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கத் தோட்டச் செம்மண் பாதையில் தாழ்ந்த கார் தரையை உரசினால் முதலில் அடிபடுவது கீழே ஓடும் குழாய்தான். பழைய பம்பு ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் ஒழுகினாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போச்சு!

ஆகவே இரட்டைச் சுற்று பம்பே நல்லது.

விட்டம்தான் அடுத்த கேள்வி. 7/8 அங்குலத்துக்குப் பதில் 3/4 போட்டால், அதே மிதிக்கு அழுத்தம் சுமார் 36 சதவீதம் கூடும். மிதி தூரமும் அவ்வளவு நீளும். முன்சக்கரத்தில் பெரிய காலிப்பர் கொண்ட டிஸ்க் பொருத்தியவருக்கு மிதி தரையைத் தொட்டுவிடலாம்.

டிரம்முக்கான மிச்ச அழுத்த வால்வை டிஸ்க் குழாயில் விட்டுவைத்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். ஆனால் காரைத் தாழ்த்தும்போது பம்பும் இறங்குகிறது, சக்கரம் இறங்குவதில்லை. பம்பு காலிப்பரைவிடத் தாழ்ந்துவிட்டால், எண்ணெய் காலிப்பரிலிருந்து பின்வாங்காமலிருக்க டிஸ்க் குழாயில் 2 பிஎஸ்ஐ மிச்ச அழுத்த வால்வு வேண்டும்.

பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது உத்தமம். ஈரம் குடித்த எண்ணெய், கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் நீண்ட சரிவில் கொதித்துவிடும்.