14,400 சதுர கிலோமீட்டரும் ஓர் இட்டேரியும்

2011 ஜனவரிக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டபோது, எங்கள் நிட்டிங் யூனிட்டில் ஆறு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் அது இரண்டாகக் குறைந்தது. பின்னிக் கொடுத்தால் சாயம் போட ஆளில்லை. சாயம் ஏறாத கிரே துணி ரோல் ரோலாகக் குடோனில் ஏறி, கடைசியில் வாசல்வரை வந்து நின்றது. நைட் ஷிப்ட்டை நிறுத்திவிட்டோம். ஆனாலும் பாதுகாப்புக்கு ஒருவர் படுக்க வேண்டும் என்பதால் நான்தான் தங்குவேன். அப்போது எனக்கு 26 வயது.

ஆபீஸ் ரூமில் டேலி போடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் நானாகக் காசு சேர்த்து ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தேன். கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டில் வாங்கிய ஒரு டிவிடி, பிரிக்காமலே மேஜை டிராயரில் கிடந்தது. ஃபியூல் என்று பெயர். பிரான்சில் போர்தோ நகரத்து அசோபோ ஸ்டுடியோ உருவாக்கி, பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் 2009இல் வெளியிட்ட கார், பைக் பந்தய விளையாட்டு. ரோட்டைவிட்டு இறங்கி, காடு மேடு எல்லாம் ஓட்டலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. மிஷின் சத்தம் இல்லாத யூனிட்டில் தூக்கம் வராது என்பது நிட்டிங்காரர்களுக்குத் தெரியும். அன்று இரவு அந்த டிவிடியைப் பிரித்தேன்.

பதினைந்து வருடத்தில் அந்த விளையாட்டை நான்கு முறை முழுதாக ஆரம்பித்திருக்கிறேன். அதன்பிறகு வந்த திறந்தவெளிப் பந்தய விளையாட்டுகளில் முக்கால்வாசியை ஆடிப் பார்த்துவிட்டேன். எது நல்லது, எது கோளாறு என்று எனக்குப் பட்டதை, புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அதன் பரப்பு. ஃபியூலின் நிலம் 14,400 சதுர கிலோமீட்டர். கன்சோல் விளையாட்டுகளிலேயே மிகப் பெரிய ஆடுகளம் என்று கின்னஸில் இடம்பிடித்தது. எங்கள் திருப்பூர் மாவட்டம் உருவானதும் அதே 2009இல்தான். அதன் பரப்பு 5,186 சதுர கிலோமீட்டர். அவிநாசி முதல் உடுமலை, தாராபுரம் தாண்டி மூலனூர் வரை கிடக்கிற இந்த மாவட்டத்தைப்போல் இரண்டே முக்கால் மடங்கு நிலம், டிராயரில் கிடந்த ஒரு தட்டுக்குள் இருந்தது. சதுரமாக வைத்துப் பார்த்தால் பக்கத்துக்கு 120 கிலோமீட்டர், ஏறக்குறைய இங்கிருந்து சேலம் போகிற தூரம். நடுவில் எங்கும் நின்று 'லோடிங்' காட்டாது. கண்ணுக்குத் தெரிகிற மலை எதுவாக இருந்தாலும் வண்டியைத் திருப்பி அதன் உச்சிக்குப் போய்விடலாம்.

அந்த முதல் வாரத்து இரவு ஒன்று இன்னும் அப்படியே நினைவில் நிற்கிறது. நாலு சக்கர ஏடிவி ஒன்றை எடுத்துக்கொண்டு, தூரத்தில் பனி மூடித் தெரிந்த ஒரு மலையைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தேன். பந்தயம் இல்லை, எதிராளி இல்லை, நேரக்கணக்கு இல்லை. காய்ந்த ஏரி ஒன்றைக் கடந்தேன். எரிந்து கரியாகிப்போன காட்டுக்குள் புகுந்து வெளியே வந்தேன். பாதியில் இருட்டிவிட்டது. ஹெட்லைட் வெளிச்சத்தில் மழை சாய்வாக இறங்க, சக்கரம் சறுக்க, நின்று நின்று மேடேறினேன். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது விளையாட்டில் பொழுது விடிந்துகொண்டிருந்தது. கீழே நான் வந்த வழி முழுக்கத் தெரிந்தது. ஆபீஸ் சுவரில் மணி இரண்டே கால். வேலை இல்லாத அந்த மாதங்களில் 'இன்று ஒன்று செய்து முடித்தேன்' என்று மனசு நிறைந்த இரவு அது ஒன்றுதான். இந்த வகை விளையாட்டின் பெரிய பலம் இதுதான் என்பேன். போகிற தூரத்தை நாமே தேர்ந்தெடுத்து, நாமே முடித்துவைக்கிறோம்.

கதைப்பின்னலும் எனக்கு ஒட்டியது. பருவநிலை கெட்டு, புயலும் தீயும் அடித்து, மக்கள் கைவிட்டுப்போன அமெரிக்காவில் எரிபொருளுக்காக ஓட்டுகிற பந்தயங்கள். அந்த வறண்ட ஏரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரத்துப்பாளையம் அணைதான் ஞாபகம் வரும். நொய்யலில் போன சாயக்கழிவு அங்கே தேங்கி, சுற்றுவட்டாரக் காடுதோட்டம் எல்லாம் பாழானதை நேரில் பார்த்தவன் நான். சாயப்பட்டறை மூடியதில் எங்கள் பிழைப்பு போனது உண்மை. அந்த விவசாயிகள் கேட்டது நியாயம் என்பதும் உண்மை. இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு அந்த விளையாட்டை ஆடியவன் என்பதால், அந்த நிலத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம் இருக்கலாம்.

இனி குறைகள். ஒரு மாதம் ஆடியபின்தான் அவை தெரிய ஆரம்பித்தன.

துணி செக்கிங் தெரிந்தவன் கண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மிஷினில் ஒரு ஊசி பழுதானால், துணி நெடுக ஒரே இடத்தில் கோடு விழுந்துகொண்டே வரும். லைட் போட்ட மேஜையில் ரோலை விரித்து ஓடவிட்டால், முதல் மீட்டரில் தெரியாத கோடு மூன்றாவது மீட்டரில் பளிச்சென்று தெரியும். அப்புறம் துணி தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். ஃபியூலின் நிலமும் எனக்கு அப்படியாகிவிட்டது. அதே பாறை, அதே தகரக் கொட்டகை, அதே கவிழ்ந்த லாரி, அதே வளைவில் அதே மரக்கூட்டம். இவ்வளவு பெரிய நிலத்தைக் கையால் வரைய முடியாது. நிலத்தின் மேடுபள்ளத்தை வைத்துக்கொண்டு, மரமும் பாறையும் கணினியே நட்டுக்கொண்டு போகிறது. அது தப்பில்லை. ஆனால் நடுவில் கை வைத்த இடங்கள் இன்னும் இருந்திருக்க வேண்டும். அபூர்வமாக ஒரு வண்டி எதிரே வரும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஓட்டியும், மறுநாள் யாரிடமாவது சொல்வதற்கு ஒரு இடம்கூடக் கிடைக்காத நாட்கள் உண்டு.

இங்கே எங்கள் ஊர்ப்பக்கத்து இட்டேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காங்கேயம், குண்டடம் பக்கம் கொறங்காடு என்று மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும், சுற்றிலும் முள்கிளுவை வேலியும் இருக்கும். இரண்டு கிளுவை வேலிக்கு நடுவில் வண்டித்தடமாகப் போகிற சந்துதான் இட்டேரி. சின்ன வயதில் அப்பாவின் எக்ஸ்எல் சூப்பரில் அந்தத் தடத்தில் ஓட்டித்தான் நான் வண்டி பழகினேன். மூன்று கிலோமீட்டர் இட்டேரியில் முயல் ஓடும், கௌதாரி எழும்பும், ஆடு ஓட்டிவருகிற பாட்டி 'பாத்துப் போ கண்ணு' என்பார், மணல் இருக்கிற திருப்பத்தில் வண்டி வாரிவிடும். அதே தடம்தான், ஆனால் ஐம்பது தடவை போனாலும் ஐம்பது விதமாக இருந்தது. 14,400 சதுர கிலோமீட்டரில் அப்படி ஒரு மூன்று கிலோமீட்டர் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது குறை, பந்தயங்கள். முகாமுக்குப் போனால் மெனுவில் பந்தயப் பட்டியல் வரும். ஒன்றைத் தொட்டால் நேராக ஆரம்பக்கோட்டில் இறக்கிவிடும். நட்சத்திரம் சேர்த்தால் அடுத்த பகுதி திறக்கும். இப்படியே ஆடினால், அந்தப் பெரிய நிலத்தில் ஒரு கிலோமீட்டர்கூட நாமாக ஓட்டாமல் விளையாட்டில் வெகுதூரம் போய்விடலாம். தலையாய பலத்தைத் தானே மறைத்து வைத்திருக்கிற விளையாட்டு இது. போதாததற்கு வழியெங்கும் அம்புக்குறி. எதிராளி வண்டிகளோ ஆரம்பத்தில் விட்டுப் பறக்கும், கடைசியில் தானாக வேகம் குறைந்து நம்மை முந்தவிடும். சரியாக ஓட்டினோமா தப்பாக ஓட்டினோமா என்பதே பல பந்தயங்களில் புரியாது.

டக்கார் ராலியை நினைத்துப் பாருங்கள். 1978 டிசம்பரில் பாரிஸில் தொடங்கிய பந்தயம், 2020 முதல் சவூதி அரேபியப் பாலைவனத்தில் நடக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு ரோட்புக் என்ற குறிப்பேடுதான் துணை. எத்தனையாவது கிலோமீட்டரில் பள்ளம், எந்தத் திசை என்று அதைப் படித்துக்கொண்டே மணலில் வழி கண்டுபிடிக்க வேண்டும். நம் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்பக்கம் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, 2024 டக்காரில் ராலி 2 பிரிவை வென்றார். அவர் ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக. திருப்பூரில் பனியன் மூட்டை கட்டிக்கொண்டு போகிற எக்ஸ்எல்லைச் செய்கிற அதே ஓசூர் டிவிஎஸ்தான். வழி கண்டுபிடிப்பதே பாதி பந்தயம் என்பது அங்கே விதி. ஃபியூலிடம் அதற்கான நிலம் இருந்தது. வழியைத் தேடுகிற வேலையை மட்டும் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

இன்னொன்று எனக்குத் தாங்கவே முடியாதது. விளையாட்டின் பெயர் ஃபியூல். எரிபொருள்தான் அங்கே பணம், அதைக் கொடுத்துத்தான் வண்டி வாங்க வேண்டும். ஆனால் ஓட்டுகிற வண்டியின் டேங்க் ஒருநாளும் காலியாகாது. வண்டி உடைந்து நடுக்காட்டில் நிற்பதும் இல்லை. மரத்தில் மோதினால் கொஞ்சம் பின்னால் தூக்கி வைத்து 'போ' என்னும். ரிசர்வும் தீர்ந்த எக்ஸ்எல்லை வெயிலில் ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனவனுக்குத்தான் தூரம் என்றால் என்ன என்று தெரியும். திரும்பிப் போக முடியுமா என்ற பயம் இருந்தால்தான் 120 கிலோமீட்டருக்கு ஒரு எடை வரும். 2020இல் வந்த ஸ்நோரன்னரில் இதைச் சரியாகச் செய்திருந்தார்கள். அங்கே நிலம் சின்னது, லாரி நத்தை வேகத்தில் போகும். ஆனால் சேறு வண்டியை உள்ளே இழுக்கும், டீசல் தீரும், வின்ச் கயிற்றை மரத்தில் மாட்டி இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். நூறு மீட்டரைக் கடந்ததையே பெரிய வெற்றியாக உணர வைக்கும்.

இவ்வளவு குறை சொன்னாலும், ஆடுங்கள் என்றுதான் சொல்வேன். எப்படி ஆட வேண்டும் என்பதில்தான் விஷயம்.

ஆரம்பத்தில் திறக்கிற பகுதியில் நாலைந்து பந்தயம் மட்டும் ஜெயித்து, ஒரு நல்ல ஏடிவியோ பக்கியோ வாங்கிக்கொள்ளுங்கள். பைக் வேகம்தான், ஆனால் மரக்காட்டில் ஒரு உரசலுக்கே விழும். தார்ரோட்டில் பறக்கிற கார்கள் மண்ணில் இறங்கினால் தடுமாறும். புதியவருக்கு நாலு சக்கர ஏடிவிதான் நம்பிக்கையான வண்டி. மேடேறும்போது நேர்க்கோட்டில் ஏறாமல், நம் ஊர்த் தோட்டத்து மேட்டில் வண்டி ஏற்றுவதுபோலச் சாய்வாக, வளைந்து வளைந்து ஏறுங்கள். இறங்கும்போது வேகத்தை முன்னாலேயே குறைத்துவிடுங்கள், பாதிச் சரிவில் பிரேக் போட்டுப் பிரயோஜனமில்லை. பந்தயத்தில் அம்புக்குறியை ஒரு தடவை மட்டும் பின்பற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் தடவை மேப்பைப் பார்த்து நீங்களே குறுக்குவழி பிடியுங்கள். தோற்றாலும் அந்தப் பந்தயம்தான் நினைவில் நிற்கும்.

கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் என்ற சேவையோடு பிணைத்து வெளியிட்ட விளையாட்டு இது. அதில் ஒரு ஆஃப்லைன் புரொஃபைலாவது உருவாக்காமல் ஆடினால், ஆடியது சேவ் ஆகாது. 2012 மின்வெட்டில் யூபிஎஸ் இல்லாமல் ஆடி மூன்று மணி நேர ஓட்டத்தை இழந்த அனுபவமும் எனக்கு உண்டு. ரசிகர்கள் உருவாக்கிய ரீஃபியூல்ட் என்ற மாற்றுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. சுதந்திரமாகச் சுற்ற விரும்புகிறவர்களுக்கு அது நல்ல துணை.

எந்தத் திறந்தவெளிப் பந்தய விளையாட்டை வாங்குமுன்னும் நான் இப்போது பார்ப்பது ஒன்றே ஒன்று. யாராவது ஆடுகிற வீடியோவில் பந்தயங்களைத் தள்ளிவிட்டு, ஒரு பந்தயத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற வழியை மட்டும் பத்து நிமிஷம் பார்ப்பேன். அந்தப் பத்து நிமிஷம் அலுக்கவில்லை என்றால் வாங்கலாம். அதோடு, இன்டர்நெட் இல்லாமல் ஆட முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2014இல் வந்த தி க்ரூ, அமெரிக்கா முழுக்க ஓட்டவிட்ட அருமையான விளையாட்டு. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர் நின்றது. காசு கொடுத்து வாங்கியவர்களும் அதன்பிறகு ஆட முடியவில்லை.

போன கோடை விடுமுறையில் பையனுக்கு ஃபியூலைப் போட்டுக் காட்டினேன். ஏழாவது படிக்கிறான். அரைமணி நேரம் ஓட்டிவிட்டுக் கேட்டான்:

"ஏனுங்ப்பா, இந்த ஊர்ல ஒருத்தருமே இல்லீங்களா?"

"இல்ல கண்ணு. எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப அந்த மலைக்கு நானே மொதல்ல போறேன்" என்று வண்டியைத் திருப்பினான். சாப்பாட்டுக்கு அவன் அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். உச்சிக்கு ஏறிவிட்டுத்தான் எழுந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை எக்ஸ்எல்லில் முன்னால் உட்காரவைத்துக் குண்டடம் பக்கத்து இட்டேரிக்குக் கூட்டிப்போனேன். பாதித் தடத்தில் வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். மீதியில் கிளுவை இருக்கிறது, கௌதாரியும் இருக்கிறது.

அசோபோ ஸ்டுடியோ பிற்பாடு பூமி முழுவதையும் வைத்து 2020இல் மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரைச் செய்தது. பெரிய நிலத்தைக் கையாள அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு ஃபியூலே முதல் சாட்சி. இப்போது அது ஸ்டீமில் புதிதாக விற்பனைக்கு இல்லை. பழைய டிவிடி எங்காவது கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். முதல் இரவு மட்டும் எந்தப் பந்தயத்துக்கும் போகாமல், கண்ணுக்குத் தெரிகிற தூரத்து மலை ஒன்றைப் பார்த்து ஓட்டுங்கள்.