நிலைமின்னும் கச்சான் காற்றும்

எபனைட்டுக் கோலைக் கம்பளியால் தேய்த்தால், கம்பளியிலிருந்து இலத்திரன்கள் கோலுக்குச் செல்லும். கோல் மறையேற்றம் பெறும். அதைப் பொன்னிலை மின்காட்டியின் தட்டில் உரசி எடுத்தால் இலை விரிந்து நிற்கும். புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது.

சென்ற நவம்பர் மழைநாளொன்றில், ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் ஆய்வுகூடத்தில் இதைச் செய்தோம். இலை சற்று விரிந்து உடனே விழுந்தது. நானோ கொப்பியில் 'விரிந்து நின்றது' என்று எழுதிவிட்டேன்.

"மகள், நீங்க கண்டது இதுவா?" என்று டீச்சர் கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

பிறகுதான் காரணத்தைத் தேடினேன். கடத்திகளையும் காவலிகளையும் 1729இல் வேறுபடுத்திக் காட்டியவர் ஸ்டீபன் கிரே. எபனைட்டு காவலிதான். ஆனால் துறைமுகத்து ஈரக்காற்றில் கோலின் மீதும், இலையைத் தாங்கும் காவலியின் மீதும் மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. அதன் வழியே ஏற்றம் கசிந்துவிடுகிறது.

ஜூலையில் கச்சான் வீசியது. மலைநாட்டின் மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, நம்மிடம் உலர்ந்து வரும் காற்று அது. கோலையும் கம்பளியையும் வெயிலில் காயவைத்து மீண்டும் செய்தோம். இலை விரிந்து நின்றது.

தங்கைகளே, இலை விழுந்தால் 'விழுந்தது' என்றே எழுதுங்கள். அப்போதுதான் ஏன் விழுந்தது என்று கேட்கத் தோன்றும்.